அப்பா ஏற்றிவிட்ட மிசின்

எங்கள் தண்ணீர் இறைப்பு மிசினை அரசாங்கம் கொண்டுபோன அன்று, அதைத் தூக்கி வாகனத்தில் ஏற்றிவிட்டவர் அப்பாதான். இன்று நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

நீர்வேலியில் எங்களுக்கு ஒரு துண்டு வாழைத்தோட்டம். போரில் இடம்பெயர்ந்து திரும்பி வந்தபின், அரசாங்கத்திடம் கடன் எடுத்து வாங்கிய மிசின் அது. அப்பா ஒழுங்காகத்தான் தவணை கட்டினார். ஒரு மாரியில் காற்று வாழைகளை முறித்துப்போட, தவணை கட்டுவது நின்றது. மிஞ்சிய வாழைகள் குலை தள்ளி நின்ற வெயில் காலத்தில், கடன் கொடுத்த கந்தோரிலிருந்து அதிகாரி வந்தார்.

அம்மா தேத்தண்ணி கொடுத்தார். வீட்டுக்கு வந்தவரை வெறும் வாயோடு அனுப்பக் கூடாதாம். அதிகாரி கதலிப் பழமும் சாப்பிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, "மிசின் எங்கை அண்ணை?" என்றார்.

"குலை முத்தட்டும் சேர். வெட்டினவுடனை கட்டிப்போடுவன். இப்ப தண்ணி விடாட்டி எல்லாம் போயிடும்" என்றார் அப்பா.

"உந்தக் கதையைத்தான் எல்லாரும் சொல்லினம். எனக்கும் மேலை ஆக்கள் இருக்கினம்."

கூட வந்த ஆளால் தனியாகத் தூக்க முடியவில்லை. அப்பா சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒரு பக்கம் பிடித்தார்.

"மிசினைக் காவி ஏத்தியும் குடுக்கிறியளோ?" அம்மா குசினி வாசலில் நின்று கத்தினார். "வழிக்குச் சோறும் கட்டிக் குடுக்கட்டே?"

"போட்டு உடைச்சா ஆருக்கு நட்டம்? சும்மா இரும்" என்று அப்பா முணுமுணுத்தார்.

அடுத்த நாளிலிருந்து கிணற்றில் வாளியால் அள்ளி ஊற்றினோம். யானைப் பசிக்குச் சோளப்பொரி. காய்கள் பிஞ்சிலேயே கறுத்தன. கடன் கட்டுவதற்கு இருந்த ஒரே வழியைப் பிடுங்கிக்கொண்டு, கடனைக் கட்டு என்றார்கள். எந்த மூளை இதை யோசித்ததோ!

பிறகு ஒருநாள், இன்னும் கொஞ்சம் அவகாசம் கேட்க அப்பா அந்தக் கந்தோருக்குப் போனார். நானும் போனேன். பெரியவர் இல்லை, பிறகு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். வெளியே வந்தால், வளவு மூலையில் எங்கள் மிசின் கவனிப்பாரற்றுக் கிடந்தது. வெயிலும் மழையும் பட்டுத் துருவேறியிருந்தது. அப்பா எங்கேயோ ஒரு உரப்பையைத் தேடி எடுத்துவந்து அதை மூடி, பறக்காமல் கல் வைத்தார்.

"ஒருத்தருமில்லை அப்பா. தூக்கிக்கொண்டு போவமே?"

"கடன் எடுத்தனாங்கள் மோனை. களவெடுக்கேலாது."

அப்பா சரியான பயந்தாங்கொள்ளி என்று நினைத்தேன். அந்த வளவுக்குள் அரசாங்கத்தின் காசு வீணாகப் போகிறதே என்று கவலைப்பட்ட ஒரே ஆள் அவர்தான் என்பது, எனக்கு அப்போது விளங்கவில்லை.