பாய் வரைந்த கடைசிப் பக்கம்

கள்ளக்குறிச்சியில் பழைய புத்தகக் கடை வைத்திருந்த அந்த பாயிடம் ஒரு காமிக்ஸின் தரத்தைக் கேட்டால், முதலில் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதை முகர்ந்து பார்ப்பார். "வாசன நல்லா இருக்குது சார், ஏ ஒன்" என்பார். கிழிந்த அட்டையும் துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின்னும் அவர் கண்ணில் படவே படாது.

நான் பத்து வருடமாகத் தேடிய துப்பறியும் காமிக்ஸ் ஒன்று வந்திருப்பதாகப் போன் செய்தார்.

"பக்கமெல்லாம் சரியா இருக்குதா பாய்?"

"ஒன்னுகூட கம்மி இல்ல சார்."

ரிஷிவந்தியத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். போய்ப் பார்த்தால், ஓரங்களை மெஷினில் வெட்டி, புதுப் பின் அடித்து, அட்டைக்கு லேமினேஷனும் போட்டு வைத்திருந்தார். பழசு பழசாகவே வேண்டும் என்று சேகரிப்பவனுக்கு அதைவிடக் கொடுமை கிடையாது. பல்லைக் கடித்துக்கொண்டு புரட்டினேன். கடைசிப் பக்கத்தில் பேனாவால் கட்டம் போட்டு, குச்சி குச்சியாக மனிதர்கள்.

"இன்னா பாய் இது?"

"அந்தப் பக்கம் கிழிஞ்சி பூட்டுது சார். முடிவு இல்லாம எப்புடி உங்க கையில குடுக்கறது? ரெண்டு நாளா யோசிச்சிக்கினு இருந்து நானே வரைஞ்சேன்."

கத்தித் தீர்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் அதையே வாங்கி வந்தேன்.

பிறகு சேலத்தில் முழுப் பிரதி ஒன்று கிடைத்தது. மடிப்புக்கூட விழாத பிரதி. அதில் யாரோ ஒரு புது ஆள் கடைசிக் கட்டத்தில் வந்து, நான்தான் கொலைகாரன் என்கிறான். பாய் பிடித்துக் கொடுத்ததோ, முதல் பக்கத்திலிருந்து எல்லோருக்கும் டீ கொடுத்துக்கொண்டிருந்த சமையல்காரனை.

முதலிலிருந்து மூன்று முறை படித்துப் பார்த்துவிட்டேன். எரிச்சலாக வருகிறது. சமையல்காரன்தான் செய்திருக்கிறான்.