மதினியின் வலது கை

என் தகரப் பெட்டியில், பிறப்புச் சான்றிதழுக்கு அடியில், ஒரு வெள்ளைக் கையுறை கிடக்கிறது. ஜோடி இல்லை, வலது கைக்குரியது மட்டும். மெல்லிய பருத்தித் துணி. சுட்டுவிரல் வரும் இடத்தில் தையலைப் பிரித்து, நடுவில் ஒரு துண்டுத் துணி வைத்து, அந்த ஒரு விரலை மட்டும் பெரிதாக்கித் தைத்திருக்கிறது. அதை அப்படித் தைத்தது என் மதினி, என் அண்ணனின் மனைவி. முன்பு மதினி ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். கத்தி வழுக்கிச் சுட்டுவிரலின் நடு மூட்டில் வெட்டி, அது ஆறும்போது கோணலாகத் தடித்துப்போனது. உள்ளங்கை மரப்பட்டை மாதிரி இருக்கும். அந்தக் கையைத்தான் எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் ராசியான கை என்று தேடி வந்தார்கள். என் கை சின்னது, வழவழப்பானது. அதை யாரும் தேடவில்லை.

ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். கணக்கு டீச்சர் கரும்பலகைக்குக் கூப்பிடுவாரே என்ற பயத்தில் காலையில் வாந்தி எடுத்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் அம்மாவே போக வேண்டாம் என்று விட்டுவிட்டார். பதினைந்து வயதில் பஜாரில் உள்ள புடவைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். பஸ் நிலையத்துக்கு நேர் எதிரே கடை. சுற்றியுள்ள எல்லாத் தோட்டத்து பஸ்ஸும் அங்கேதான் வந்து நிற்கும். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அந்தக் கடையில்தான் வந்தது. பெண் வாசற்படி ஏறும்போதே அவளுக்கு எந்த நிறம் என்று எனக்குத் தெரிந்துவிடும். கறுத்த பெண்ணுக்கு மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை. மாநிறத்துக்கு மயில் கழுத்து. குள்ளமானவளுக்குச் சின்னக் கரை. ஐம்பது சேலையை விரித்துப் போடுகிற ஆள் நான் இல்லை. நாலாவது சேலையில் பெண்ணின் அம்மா கண்ணைத் துடைப்பார்.

ஆனால் தாலி கட்டும்போது உடுக்கிற கூறைச் சேலையை எடுத்துக் காட்டுவது வேறு, கையில் கொடுப்பது வேறு. எங்கள் சனங்கள் கூறைச் சேலையைக் கடையில் சும்மா பையில் போட்டு வாங்கிப் போகமாட்டார்கள். தாலி கட்டின ஒரு பெண், குங்குமம் தொட்டு, இரண்டு கையாலும் கொடுக்க வேண்டும். பெண்ணின் தாய் கிழக்குப் பக்கம் பார்த்து முந்தானையில் வாங்க வேண்டும். எங்கள் கடையில் முதலாளியின் மனைவிதான் அதைச் செய்துகொண்டிருந்தார். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. வந்த இரண்டு இடமும் சரிவரவில்லை, அப்புறம் யாரும் வரவுமில்லை. அதனால் சேலையைத் தேடி எடுத்து, உதறி, மடித்து, மேசைமேல் வைத்துவிட்டு நான் ஓரமாக நின்றுகொள்வேன்.

மதினியை அந்தக் கடைக்குக் கூட்டிப்போனவள் நான்தான். மதினிக்குப் பால் வெட்டக் கஷ்டமாக இருக்கிறது என்று அண்ணன் சொன்னான். நான் முதலாளியிடம் போய் நின்றேன். முதல் வாரம் முழுக்க, “மதினி, பட்டுல கை வைக்காதீங்க, நூல் இழுத்துக்கும்” என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். மதினி சிரித்துக்கொண்டு குளிக்கிற துவாய் விற்கிற பக்கம் போய்விடுவார். ஒரு நாள் முதலாளியின் மனைவி வரவில்லை. கூறைச் சேலை வாங்கிய குடும்பம் நேரம் போகிறது என்று துடித்தது. மதினி கையைத் துடைத்துக்கொண்டு வந்து கொடுத்தார். அந்தப் பெண்ணுக்கு வருஷம் திரும்பும் முன் இரட்டைப் பிள்ளைகள், அவள் புருஷனுக்குத் தோட்டத்தில் சுப்பவைசர் வேலை. அவ்வளவுதான். “கோண விரல் அக்கா இருக்காங்களா?” என்று கேட்டுக்கொண்டு கரவனெல்லைப் பக்கத்திலிருந்தெல்லாம் ஆட்கள் பஸ் ஏறி வர ஆரம்பித்தார்கள்.

நான் நிறத்தை எடுப்பேன். அவர் கொடுப்பார். காலில் விழுந்து கும்பிடுவது அவரை. கல்யாணம் முடிந்து பலகாரம் கொண்டுவந்தால் அவர் கையில்தான் கொடுப்பார்கள். “ஒங்க நாத்தனாருக்கும் ஒரு முறுக்கு குடுங்க அக்கா” என்பார்கள். அந்த முறுக்கை நான் தின்றிருக்கிறேன். எனக்கு அது உள்ளே இறங்கியதே இல்லை. தோட்டத்து வரிசை வீடான லயத்தில் ஒரே கூரைக்குக் கீழ் படுத்துக்கொண்டு, பக்கத்து அறையில் மதினி அண்ணனோடு சிரிப்பதைக் கேட்டுக்கொண்டு, இந்தக் கைக்கு ஏதாவது ஆகிவிடக் கூடாதா என்று நினைத்திருக்கிறேன். நினைத்த மறு நிமிஷம், நிஜமாகவே ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து எழுந்து உட்கார்ந்து சாமி கும்பிட்டிருக்கிறேன்.

அப்புறம்தான் ஊருக்கு வெளியே, கேகாலைக்குப் போகிற பாதையில், பழைய ரப்பர் மலையை வெட்டிச் சமப்படுத்தி, அந்தப் பெரிய கடை வந்தது. மூன்று மாடி, கண்ணாடிச் சுவர், நூறு வாகனம் நிறுத்துகிற முற்றம். மின்சாரப் படிக்கட்டில் ஏறுவதற்கென்றே சனம் போனது. பஸ்காரர்களும் அங்கே ஒரு நிறுத்தம் போட்டார்கள். எங்கள் பஜாரில் பஸ் வந்து நிற்கும், உள்ளே தலைகள் நிறைந்திருக்கும், யாரும் இறங்கமாட்டார்கள். கடை வாசலில் நின்று அந்தத் தலைகளை எண்ணுவதே என் வேலையாகிப் போனது. எனக்குத் தெரிந்த முகங்கள் என்னைக் கண்டதும் மறுபக்கம் திரும்பிக்கொள்ளும்.

பெரிய கடையில் ஆள் எடுத்தபோது மதினியும் நானும் ஒரே பஸ்ஸில் போனோம். படிவத்தில் சாதாரண தரப் பரீட்சை பாஸா என்று ஒரு வரி இருந்தது. பால் வெட்டிய மதினி அதைப் பாஸ் பண்ணியிருந்தார். நான் அந்த வரியை நிரப்பாமலே கொடுத்தேன். படிவத்தை வாங்கிய பெண் சிங்களத்தில் தங்கச்சி முறை வைத்து, “நங்கி, பிறகு சொல்லுறோம்” என்றாள். மதினியை அடுத்த திங்கட்கிழமையே வரச் சொன்னாள். நீல உடை, நெஞ்சில் பெயர் அட்டை. பட்டுச் சேலைப் பகுதியில் நிறுத்தினார்கள். கை சொரசொரப்பு என்பதால் வெள்ளைக் கையுறை போடச் சொன்னார்கள். அதற்குள் அந்தக் கோணல் விரல் நுழையவில்லை. ஞாயிற்றுக்கிழமை வாசலில் உட்கார்ந்து மதினி தையலைப் பிரித்துத் துண்டு வைத்துத் தைத்தார். “டவுன் நோனாம்மா மாதிரி இருக்கேனா தங்கச்சி?” என்று கையைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். “ம்” என்றேன்.

கார்த்திகை மாதம் முதலாளி என்னைக் கூப்பிட்டார். “தையில கல்யாணக்காரங்க வரலேன்னா சேலப் பக்கத்த ஃபோன் கடைக்காரனுக்கு வாடகைக்கு விட்டுருவேன். என்ன செய்யச் சொல்ற?” என்றார். சேலைப் பக்கம் போனால் நான் எதற்கு? துவாயும் பள்ளிக்கூடச் சீருடையும் விற்க நிறம் பார்க்கத் தேவையில்லை.

அந்த வாரத்தில்தான் அவர்கள் வந்தார்கள். தாய், சித்தி, கல்யாணப் பெண். மூன்று வருஷம் முன்பு மூத்த மகளின் கூறையை மதினி கையால் வாங்கிப் போனவர்கள். பஸ்ஸிலிருந்து இறங்கியதைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. தாய் வாசலிலேயே நின்று, “கோண விரல் அக்கா எந்தக் கடைக்குப் போயிருக்காங்க? எந்த பஸ் ஏறணும்?” என்று கேட்டார்.

வழி கேட்கத்தான் இறங்கியிருக்கிறார்கள்!

“மதினிக்குத் தீட்டுங்க,” என்றேன். என் வாய்தான் சொன்னது. “அவங்க அம்மா தவறிட்டாங்க. முந்தாநாள்.”

மூவரும் வாயில் கையை வைத்துக்கொண்டார்கள். தீட்டுக்காரர் கையால் கூறை வாங்க முடியாது. வெள்ளிக்கிழமைக்குள் வாங்கியாக வேண்டும் என்று ஐயர் குறித்துக் கொடுத்திருந்தார். வேறு வழியில்லாமல் உள்ளே வந்தார்கள். நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். ஒடிசலான கறுத்த பெண், கழுத்து நீளம். மேல் தட்டிலிருந்து பழுத்த மிளகாய் நிறத்தில் ஒன்றை எடுத்துத் தோளில் போட்டேன். ஒரே சேலைதான். பெண் கண்ணாடியைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். என் வாழ்நாளில் எடுத்த சேலைகளில் அதுதான் உசத்தி.

முதலாளியின் மனைவி அன்று ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். சேலையை மடித்து இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு நான் தாயைப் பார்த்தேன். அவர் என் வெறுங்கழுத்தைப் பார்த்தார். “மேசையில வச்சிரும்மா. நாங்களே எடுத்துக்கிறோம்,” என்றார். வைத்தேன். மேசையிலிருந்து எடுத்துக்கொண்டு போனார்கள்.

அவர்களுடைய தோட்டமும் மதினியின் அம்மா இருக்கிற தோட்டமும் ஒரே பஸ் பாதை என்பது அன்று சாயங்காலம் வீட்டுக்கு நடக்கும்போதுதான் உறைத்தது. மதகில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு நாள் காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் அவர்கள் சாவு வீட்டுக்குப் போகிற முறையில் சீனி, தேயிலை, பிஸ்கட் எல்லாம் எடுத்துக்கொண்டு துக்கம் விசாரிக்கப் போயிருக்கிறார்கள். வாசலில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்ததும் சித்தி அலறிவிட்டாராம்.

மதினி வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே சிரித்துக்கொண்டு வந்தார். “எங்கம்மாவக் கொன்னுட்டியாமே தங்கச்சி? ஃபோன் பண்ணிச்சு. ‘ரெண்டு கிலோ சீனி வந்திருக்குடி, நெசமா செத்தாக்கூட இவ்வளவு வராது, இன்னொரு தடவ சொல்லச் சொல்லு’ன்னு சொல்லுது!” அண்ணன் என்னை அடிக்க வந்தான். மதினி நடுவில் நின்றார். பிறகு விளக்கைப் பார்த்துக்கொண்டு, சிரிப்பு இல்லாமல், “பெத்த தாயி தங்கச்சி” என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு சொல்லைக் கேட்டதைவிட அண்ணனிடம் அடி வாங்கியிருந்தால் பரவாயில்லை.

சாவுப் பேச்சோடு வாங்கிய சேலை ஆகாது என்று அந்தக் குடும்பம் பயந்துபோனது. புதிதாக வாங்கக் காசும் இல்லை. மதினி அவர்களைச் சனிக்கிழமை மத்தியானம் எங்கள் கடைக்கே வரச் சொன்னார். வெளியில் வாங்கிய பொருளைப் பெரிய கடைக்குள் விடமாட்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் ஆட்டோ பிடித்து, நீல உடையோடு, ஒரு கையில் கையுறையைக் கழற்றியபடியே உள்ளே வந்தார். கையுறைகளை மேசையில் போட்டார். சேலையை வாங்கி என்னிடம் நீட்டி, “தட்டுல வச்சிட்டு மொதல்லேருந்து எடு,” என்றார். நான் மேல் தட்டில் வைத்தேன். திரும்ப எடுத்தேன். பெண்ணின் தோளில் போட்டேன். மதினி சேலையையும் பெண்ணையும் பார்த்துவிட்டு, “அங்க ஆயிரம் சேல தொங்குது. இந்த மாதிரி எடுத்துத் தர ஒருத்தியும் இல்ல,” என்றார். அது எனக்குச் சொன்னதா அந்தத் தாய்க்குச் சொன்னதா தெரியவில்லை. குங்குமம் தொட்டு, அந்த முரட்டுக் கையால் கொடுத்தார். தாய் முந்தானையை விரித்து வாங்கினார். பெண் மதினியின் காலில் விழுந்தாள். நான் ஓரமாக நின்றேன்.

முதலாளி, “இங்கயே வந்துரு தாயி,” என்று கெஞ்சினார். மதினி, “அங்க பொம்பளைங்களுக்குக் கக்கூஸ் இருக்கு முதலாளி,” என்றார். பதினெட்டு வருஷமாகக் கடைப் பெண்கள் நாங்கள் பஸ் நிலையத்துக்குப் பின்னால் உள்ள சாப்பாட்டுக் கடையில் கெஞ்சித்தான் போய்வந்துகொண்டிருந்தோம். அந்தக் கையையும் ராசியையும் நினைத்து எரிந்த வயிறு, அன்று அந்தக் கக்கூஸை நினைத்தும் எரிந்தது.

அவசரத்தில் போகும்போது மதினி ஒரு கையுறையை விட்டுவிட்டார். நான் அதன்மேல் துவாய் ஒன்றைப் போட்டேன்.

தை மாதத்தில் இரண்டே குடும்பங்கள் வந்தன. சேலைப் பக்கத்தில் இப்போது ஃபோன் கடை. நான் மறுபாதியில் சீருடை விற்கிறேன். பெரிய கடைக்காரர்கள் கேகாலையில் இன்னும் பெரிதாக ஒன்று திறந்து மதினியை அங்கே அனுப்பினார்கள், அண்ணனும் கூடப் போய்விட்டான். போன மாதம் பக்கத்து லயத்துப் பெண்ணுக்குக் கல்யாணம். “நீ வந்து நெறம் எடு, ஒங்க மதினி குடுக்கட்டும்,” என்று என்னைக் கேகாலைக்கு பஸ்ஸில் கூட்டிப்போனார்கள். கொக்கி கொக்கியாகத் தொங்கிய சேலைகளுக்குள் ஒரு மணி நேரம் புகுந்து, ஒன்றைக் கண்டுபிடித்து எடுத்தேன். மேற்பார்வைக்காரி அந்தப் பக்கம் போகும்வரை மதினி காத்திருந்து, கையுறையைக் கழற்றிவிட்டுக் கொடுத்தார். கும்பிட்டார்கள். அவரைத்தான்.

வழியனுப்ப வந்தபோது புதுக் கையுறையை மாட்டிக்கொண்டே, “இதுல வெரல் வலிக்குது. அந்தப் பழைய ஒத்தைய நீ எங்கயாச்சும் பாத்தியா?” என்று கேட்டார். முன்பும் இரண்டு தடவை கேட்டிருக்கிறார்.

“இல்ல மதினி,” என்றேன்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டுப் பெட்டியைத் திறந்து அதை எடுத்தேன். மாட்டிக்கொண்டு, மதினி நீட்டுகிற மாதிரியே இரண்டு கையையும் நீட்டிப் பார்த்தேன். சுட்டுவிரல் இடத்தில், துண்டு வைத்துத் தைத்த துணி உள்ளே ஒன்றுமில்லாமல் மடங்கித் தொங்கியது. கழற்றிச் சான்றிதழுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். பூட்டு விழுந்ததா என்று இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன்.