லுக்மான் பாய்க்கு ஓசியில் கிடைத்த பாலைவனம்

ஷார்ஜா ரோலாவில் லேஸ், பொத்தான், ஜரிகை விற்கும் லுக்மானுக்கு ஓசியில் வருகிற எதுவும் ஒத்துக்கொள்ளாது. ஆசை இல்லாமல் இல்லை; பயம். பக்கத்துக் கடைக்காரர் ஒரு டீ வாங்கிக் கொடுத்தால்கூட, இந்த ஆளுக்கு நம்மிடம் என்ன வேண்டியிருக்கிறது என்று பாதி டீ வரைக்கும் யோசிப்பார். மீதி டீ ஆறிப்போகும். புதுச் சரக்கு வந்து இறங்கினால் பெட்டியில் அச்சடித்திருக்கும் நீளத்தை நம்ப மாட்டார். லேஸ் சுருளைப் பிரித்து, தன் கையால் அளந்து, மறுபடி சுற்றி வைத்தால்தான் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கும். ரோலாவின் தையல்காரர்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால் சரக்கு மட்டும் அவரிடம்தான் வாங்குவார்கள்.

அப்படிப்பட்டவரிடம் ஒரு நாள் கஃபீல் நேரில் வந்து, ரெண்டு நாள் பாலைவனத்துச் சொகுசு விடுதியில் மனைவியோடு தங்கிவிட்டு வா, எல்லாம் ஏற்பாடு ஆகிவிட்டது என்று சொன்னால் அவருக்கு எப்படி இருக்கும்?

கடையின் லைசென்ஸில் யார் பெயர் இருக்கிறதோ அந்த உள்ளூர் அரபிதான் கஃபீல். முதல் போட்டது, சரக்கு எடுப்பது, கால் வீங்க நிற்பது எல்லாம் காயல்பட்டினத்து லுக்மான். ஆனால் காகிதத்தில் கடை அரபியுடையது. பழைய கஃபீல் தங்கமான மனிதர். கடைக்கு வந்தால் முக்காலியில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிவிட்டுப் போவார். அவர் மௌத்தான பிறகு மகன் ஈசா அந்த இடத்துக்கு வந்தான். கூலிங்கிளாஸ் போட்டவன், கண் எங்கே பார்க்கிறது என்று தெரியாது. இப்போதெல்லாம் பல வியாபாரங்களுக்கு உள்ளூர்க்காரர் பெயரே வேண்டியதில்லை என்று ஆகிவிட்டது. லுக்மானுக்கும் அது தெரியும். ஆனால் ஈசாவிடம் அந்தப் பேச்சை எடுக்கப் பயம். பேச்சை எடுத்தால் அவன் கோபித்துக்கொண்டு கடையையே பிடுங்கிக்கொண்டால்?

பயத்துக்குக் காரணமும் இருந்தது. இரண்டு கடை தள்ளிக் கடிகாரம் விற்ற கலீலுர் ரஹ்மானுக்கு அவருடைய கஃபீல் திடீரென்று ஊருக்குப் போக டிக்கெட் எடுத்துக் கொடுத்தார். பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வா என்று கட்டிப்பிடித்து அனுப்பினார். கலீலுர் ரஹ்மான் அல்வாப் பெட்டியோடு திரும்பி வந்தபோது, அவர் கடை இருந்த இடத்தில் கஃபீலின் மைத்துனன் டீக்கடை போட்டிருந்தான். அல்வாவை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நடைபாதையில் நின்ற அந்த மனிதரின் முகத்தை லுக்மான் மறக்கவில்லை.

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாமே என்று கேட்கலாம். கஃபீல் சொன்னதற்கு மாட்டேன் என்று சொல்லி அவருக்குப் பழக்கமே இல்லை. "ஷுக்ரன், ஷுக்ரன்" என்று நெஞ்சில் கை வைத்து நன்றி சொன்னார். ஈசா போனதும் மளமளவென்று காரியத்தில் இறங்கினார். ஷட்டருக்கு இன்னொரு பூட்டு வாங்கினார். சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கிய லைசென்ஸைக் கழற்றித் துண்டில் சுற்றினார். கடையில் நிற்கும் ராஜிக் மிரண்டுபோனான்.

"காக்கா, இன்ஸ்பெக்டர் வந்து லைசென்ஸ் எங்கன்னு கேட்டா நான் என்ன சொல்ல?"

"கண்ணாடி ஒடஞ்சி போச்சி, மாட்டக் குடுத்திருக்குன்னு சொல்லு. ஈசா வந்தா ஒண்ணும் சொல்லாத. எனக்கு போன் அடி."

வீட்டில் அதைவிடப் பெரிய சந்தேகம் காத்திருந்தது. விஷயத்தைச் சொன்னதும் மனைவி மரியம் ஆச்சரியப்படவே இல்லை. "அப்படியா, நல்லதாப் போச்சி" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை இறக்கினாள். நோன்புக்கு முந்தின சீசனில், பெண்களின் கறுப்பு அங்கியான அபாயா தைக்கிறவர்கள் முண்டியடிக்கிற நேரத்தில், கடையை விட்டுப் போவதில் என்ன நல்லது? கேட்டார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். இவளுக்கும் ஏதோ தெரியும் என்று அப்போதே அவருக்குப் பட்டது.

விடுதி அனுப்பிய கார் அவர்களை நகரத்தைத் தாண்டி, மணல் மேடுகளுக்கு நடுவே கொண்டுபோய் இறக்கியது. ஈரத்துண்டு கொடுத்தார்கள். பேரீச்சம்பழமும் கஹ்வா என்கிற அரபிக் காப்பியும் கொடுத்தார்கள். தங்கும் இடம் தனி வீடு. பின்பக்கம் இவர்களுக்கென்றே ஒரு சின்ன நீச்சல் குளம். குளத்துக்கு அப்பால் நீளக் கொம்புள்ள வெள்ளை மான் ஒன்று நின்று இவர்களைப் பார்த்தது. லுக்மான் கட்டிலைத் தட்டிப் பார்த்தார். அலமாரியைத் திறந்து பார்த்தார். மானையும் சந்தேகமாகத்தான் பார்த்தார். லைசென்ஸைத் தலையணைக்கு அடியில் வைத்தபோது மரியம் கவனித்துவிட்டாள்.

"இதெ எதுக்கு இங்க தூக்கிட்டு வந்திய?"

"அது கடையில இருந்தா நிம்மதி இல்ல."

"இங்க இருந்தா மட்டும் நிம்மதியா இருந்துருவியளாக்கும்" என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை. அலுத்துப்போயிருந்தது.

சுற்றிக்காட்ட வந்த வழிகாட்டி காக்கிச் சட்டை போட்டிருந்தான். இங்கிலீஷில் இரண்டு வரி ஒப்பித்துவிட்டு, மரியம் புருஷனிடம் பேசியது காதில் விழுந்ததும் தமிழுக்கு மாறினான். பெயர் பாண்டித்துரை, முதுகுளத்தூர்ப் பக்கம். சாயங்காலம் ஒட்டக சவாரி, காலையில் வல்லூறு பறக்கவிடுவது, மத்தியானத்துக்கு மேல் வண்டியில் மணல் மேடு ஏறி இறங்குவது, கடைசியாக வெயில் தாழ ஒரு நடை என்று வரிசையாகச் சொன்னான்.

"இதுக்கெல்லாம் தனியா?" என்றார் லுக்மான்.

"எல்லாம் சேத்துத்தான் பாய். நீங்க ஒண்ணும் குடுக்க வேணாம்."

"எவன் குடுத்தான்?"

பாண்டித்துரை சிரித்தான். "அது ஆபீஸ்லதான் தெரியும் பாய். யாரோ ஒரு லேடி போன்ல பேசி புக் பண்ணாங்கன்னு சொன்னாக. ரூம் எப்படி இருக்கும், ஒட்டகம் சாதுவா, எல்லாம் விசாரிச்சாகளாம்."

லேடி. லுக்மானுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஈசாவின் பொண்டாட்டிதான். அவளுக்கு அபாயா பூட்டிக் வைக்கும் ஆசை உண்டு என்று ஒரு தையல்காரன் எப்போதோ சொல்லியிருந்தான். ரோலாவில், மெயின் ரோட்டைப் பார்த்த கடை. லேஸும் பொத்தானும் ஏற்கெனவே உள்ளே இருக்கின்றன. இவரை ஒட்டகத்தில் ஏற்றிவிட்டால் போதும், அவர்கள் கடையில் ஏறிவிடுவார்கள்.

அதனால் அவர் ஒட்டகத்தில் ஏறவில்லை. முதுகுவலி என்றார். மரியம் ஏறினாள். எழுந்த ஒட்டகத்தின் மேல் அவள் ஒரு கையால் முக்காட்டையும் மறு கையால் சேணத்தையும் பிடித்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்த சத்தம் இவருக்குக் கேட்டது. அவர் தலை நிமிரவில்லை. போனில் கடைக் கேமராவைத் திறந்து, ராஜிக் ஒருத்திக்குப் பொத்தான் எண்ணிப் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை வல்லூறு பார்க்கவும் அவள்தான் போனாள். திரும்பி வந்தவள் குளத்துப் பக்கம் தள்ளி நின்று யாரிடமோ போனில் மெதுவாகப் பேசினாள். இவர் கதவைத் திறந்ததும் வைத்துவிட்டாள்.

"யாரு போன்ல?"

"ஆமிராத்தா."

ஆமிரா ஈசாவின் தாய். மரியத்துக்கும் அந்த அம்மாளுக்கும் பழக்கம் உண்டு. அந்த வீட்டுப் பெண்களுக்கு மரியம்தான் தைத்துக் கொடுப்பாள். பாதி அரபியும் பாதி ஹிந்தியுமாக இரண்டு பேரும் மணிக்கணக்கில் பேசுவார்கள். இத்தனை நாளும் லுக்மான் அதைப் பெரிதாக நினைத்ததில்லை. இப்போது நினைத்தார். சொந்தப் பொண்டாட்டியே அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டாளா? அவருக்கு அழுகை வரும்போல இருந்தது. அதைக் காட்டாமல், "சோறு திங்கப் போவோம்" என்று மட்டும் சொன்னார்.

மத்தியானத்துக்கு மேல் மரியம் மணல் வண்டியில் போய்விட்டாள். "ஒரு தடவ வாங்களேன்" என்று கூப்பிட்டாள். இவர் தலையாட்டி மறுத்துவிட்டுக் கேமராவைத் திறந்தார். கடைக்குள் ஈசா நின்றுகொண்டிருந்தான். கூலிங்கிளாஸைக் கழற்றிவிட்டு மேலே பார்த்தான். இரண்டு பக்க அலமாரிகளையும் பார்த்தான். கல்லாவுக்குப் பின்னால் லைசென்ஸ் தொங்கிய வெறும் ஆணியைத் தொட்டுப் பார்த்து ராஜிக்கிடம் ஏதோ கேட்டான். ராஜிக் கையை விரித்தான்.

லுக்மான் ஈசாவுக்கு போன் போட்டார். அத்தனை வருஷம் நெஞ்சில் கை வைத்து ஷுக்ரன் சொன்ன மனிதர் அன்றைக்குப் பேசிய ஹிந்தி ரோலாவில் யாரும் கேட்டிராதது. உன் வாப்பா என் கடை முக்காலியில் உட்கார்ந்து என் டீயைக் குடித்தவர். நீ அவர் பிள்ளையா? நேருக்கு நேர் கேட்க உனக்குத் துப்பு இல்லை. மணலைக் காட்டி, மானைக் காட்டி என்னை அப்புறப்படுத்திவிட்டு என் கடையை அளக்கிறாயா? லைசென்ஸ் என்னிடம் இருக்கிறது. முடிந்தால் எடுத்துப் பார்.

ஈசா நிதானமாகப் பேசினான்.

"லுக்மான் பாய், கடைய எடுக்கணும்னா எனக்கு ஒரு கையெழுத்து போதும். அதுக்கு ஒங்கள ஒட்டகத்துல ஏத்தணுமா?"

ஈசாவே தொடர்ந்தான்.

"ஒங்க வீட்டம்மாதான் என் உம்மாகிட்ட கேட்டாங்க. வர்ற பெருநாளுக்கு எங்க வீட்டுப் பொம்பளைங்க எல்லாருக்கும் தச்சுக் குடுத்தாங்க. கூலி வேணாம்னாங்க. ஒங்களோட ரெண்டு நாள் அங்க தங்கணும்னு மட்டும் கேட்டாங்க. உம்மாதான் போன் பண்ணி புக் பண்ணாங்க. நான் சொன்னாத்தான் நீங்க கெளம்புவீங்களாம். கடைய நெனச்சி நீங்க பாதியில ஓடி வந்துருவீங்க, அதனால ஒரு பார்வை பாத்துக்கங்கன்னும் சொன்னாங்க. அதுக்குத்தான் வந்தேன்." கடைசியாக, "என் வாப்பா ஒங்கள அண்ணன்னு சொல்வாரு. நீங்க என்னப் பத்தி இப்படித்தான் நெனச்சிருக்கீங்க. கலாஸ், முடிஞ்சுது" என்று வைத்துவிட்டான்.

வெட்கம் என்றால் அதுதான் வெட்கம். லுக்மான் குளத்தங்கரையில் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஈசாவை நினைத்தால் உடம்பு கூசியது. ஆனால் அதற்கு மேல் ஒரு கேள்வி குடைந்தது. கேட்க வேண்டியதை இவரிடமே கேட்காமல், கஃபீல் வீட்டுக்குப் போய் ஏன் கேட்டாள்?

மரியம் வந்தாள். அபாயாவின் கீழ்ப்பகுதி முழுக்க மணல். முகம் வெயிலில் சிவந்திருந்தது. இவர் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"ஈசாட்ட பேசினியளோ?"

"ஏன் புள்ள, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே?"

"ஒங்ககிட்டயா? கேட்டேனே. போன சீசனுக்கு முன்னாடி கேட்டேன், அதுக்கு முந்தின சீசனுக்கும் கேட்டேன். சீசன் முடியட்டும்னிய. எப்பம் முடிஞ்சிருக்கு? கஃபீல் சொன்னாத்தான் நீங்க கடைய விட்டு எறங்குவிய. அதான் கஃபீல விட்டே சொல்ல வச்சேன்."

"சரி, இப்பம் என்ன அப்படி அவசரம்?"

அவள் அபாயாவிலிருந்த மணலைத் தட்டினாள்.

"நோன்புக்கு முன்னாடி நான் ஊருக்குப் போறேன். ரம்ஸியாவோட நம்ம வூட்டுலயே இருந்துக்கிடுறேன். திரும்பி வரல."

ரம்ஸியா அவர்களுடைய மகள். காயல்பட்டினத்தில், மரியத்துக்குச் சீராக வந்த வீட்டில் இருக்கிறாள்.

"கோவமெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றாள் மரியம். "அந்த ஃபிளாட்டுல சன்னலத் தொறந்தா எதிர் பில்டிங் ஏசிதான் தெரியுது. நீங்க ராத்திரி வாறிய, திங்கிறிய, ஒறங்குறிய. இந்த ஊர்ல நான் என்னத்தப் பாத்தேன்? போறதுக்கு முன்னாடி ஒங்களோட ரெண்டு நாள் இருக்கணும்னு ஆசப்பட்டேன். ஒட்டகத்துல ஏறையில கூட நீங்க பாப்பியன்னு திரும்பித் திரும்பிப் பாத்தேன்."

லுக்மான் அழுதார். மறைக்கவில்லை. கலீலுர் ரஹ்மானுக்காவது யார் பிடுங்கினார்கள் என்று தெரியும். தன்னிடம் யாரும் ஒன்றையும் பிடுங்கவில்லை, தானாகத்தான் விட்டோம் என்பது அவருக்கு அந்த இடத்தில் உறைத்தது. மரியம் பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவிக் கொடுத்தாள். தடவிக் கொடுத்தாளே தவிர, போகவில்லை என்று சொல்லவில்லை.

வெயில் தாழ்ந்திருந்தது. பாண்டித்துரை வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு, செருமிக்கொண்டு வந்தான்.

"அக்கா, கடைசி நடைக்கு நேரமாச்சு, மேடு வரைக்கும் வண்டியில போயிரலாம். பாய்க்கு முதுகுவலி, அவுக ரெஸ்ட் எடுக்கட்டுமா?"

மரியம் எழுந்து செருப்பை மாட்டினாள். வாசலைத் தாண்டி வண்டிக் கதவைத் திறந்தாள். லுக்மான் அவசரமாக எழுந்து பின்னாலேயே போனார்.

"நானும் வாறேன்" என்றார்.

அவள் படியில் ஒரு காலை வைத்தபடி திரும்பிப் பார்த்தாள். "இப்பமா, ஊருக்கா?"

அவர் வாயைத் திறந்தார். ஊருக்குத்தான் என்று சொல்லத்தான் திறந்தார். அதற்குள், அடுத்த வாரம் துறைமுகத்துக்கு வரவேண்டிய கன்டெய்னரும், அதைப் பிரித்து அளக்க ராஜிக் ஒருத்தனால் ஆகாது என்பதும் நினைவுக்கு வந்து சொல் நாக்கிலேயே நின்றுவிட்டது. ஒரு நொடிதான். மரியம் அந்த ஒரு நொடியையும் பார்த்துவிட்டாள்.

"இப்பம் மட்டும்னா ஏறுங்க" என்று சொல்லி, தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தாள்.