பெயருக்குப் பின் ஒரு மூச்சு

அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்திருக்கும் உற்றார் உறவினர்க்கும், மேடையிலும் ஒலிப்பதிவுக் கூடத்திலும் அவரோடு நின்ற நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். இம்மலரில் அப்பாவின் வாழ்க்கையை எழுதும் பொறுப்பை அம்மாவும் அண்ணனும் என்னிடம் ஒப்படைத்தார்கள். நல்லவற்றை மட்டும் சொல்லி முடித்துவிடலாம் என்றுதான் தொடங்கினேன். ஆனால் அப்பாவின் குரலைப் பற்றி இந்தப் பகுதியில் பலரும் பலவிதமாகப் பேசியிருக்கிறார்கள். அவர் இல்லாத இக்காலத்தில் அந்தப் பேச்சு கதையாகத் திரிந்துவிடக் கூடாது என்பதால், நடந்ததை நடந்தபடி எழுத முயன்றிருக்கிறேன்.

அப்பா நன்னிலத்துக்கு அருகே, குத்தகை நிலத்தில் பாடுபட்ட கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். சிறுவயதிலேயே தந்தையை இழந்தார். தவக்காலத்தில் ஊர்க்கோயில் முற்றத்தில் நடக்கும், ஏசுவின் பாடுகளைச் சொல்லும் பாஸ்கு நாடகத்தில் அவருக்கு முதலில் கிடைத்தது வேடம் அன்று, குரல். திரைக்குப் பின்னால் நின்று வானத்திலிருந்து ஒலிக்கும் குரலைப் பேச வேண்டும். பேசுபவர் கண்ணில் படாத குரலுக்கு மக்கள் எப்படி அஞ்சுகிறார்கள் என்பதை அன்றே கண்டுகொண்டதாகச் சொல்வார்.

பின்னர் இசை நாடகக் குழு ஒன்றில் சேர்ந்து, நீடாமங்கலத்தைச் சுற்றியுள்ள ஊர்களிலும் கடற்கரை ஊர்களிலும் ஆண்டுக்கணக்கில் பாடி நடித்தார். ஐந்தரைக் கட்டையில் அவர் எடுக்கும் பாட்டு, ஒலிபெருக்கி பழுதானாலும் கடைசி வரிசைக்குக் கேட்கும் என்பார்கள். அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது எமன் வேடம். ஒருமுறை திருக்கடையூர்ப் பக்கம் நாடகம் முடிந்து, அரிதாரம் முழுதும் கலையாமல் தேநீர்க் கடைக்குப் போயிருக்கிறார். அறுபதாம் கல்யாணத்துக்கு வந்திருந்த ஒரு பெரியவர் கண்ணாடித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஏங்க, இன்னைக்கு எனக்குக் கல்யாணங்க. ஒங்க மொகத்துலயா முழிக்கணும்?" என்றாராம். அப்பா, "எமனை ஒதைச்சு அனுப்புன ஊருங்க இது. தைரியமா டீயக் குடிங்க" என்று சொல்லி அவரைச் சிரிக்கவைத்திருக்கிறார்.

நாடக வாய்ப்புகள் குறைந்த காலத்தில் சென்னைக்குச் சென்று, மொழிமாற்றுத் தொடர்களுக்குப் பின்னணிக் குரல் கொடுக்கும் தொழிலை மேற்கொண்டார். ஒருவருடைய குரலை அவர் பிடிக்கும் முறை வேறு. ஒலியைப் போலி செய்ய மாட்டார். அந்த மனிதர் எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறார் என்று கவனித்து, அதே இடத்தில் தாமும் மூச்சு வாங்குவார். மூச்சு பொருந்திவிட்டால் குரல் தானே வந்து உட்காரும் என்பது அவர் அனுபவம். தொடர் ஒன்றில் நடித்துக்கொண்டிருந்த நடிகர் பாதியில் காலமானபோது, முன்பே படமாகியிருந்த காட்சிகளுக்கு அப்பாதான் அவர் குரலில் பேசி முடித்தார். பார்த்தவர்களுக்கு வேறுபாடு தெரியவில்லை. அந்த வேலை முடிந்து ஊருக்கு வந்த அப்பா, பொழுது முழுதும் உண்ணாமல் இருந்தார். கேட்டதற்கு, "இன்னும் அவரு மூச்சுதான் ஓடுது. போகட்டும்" என்று மட்டும் சொன்னார்.

முதுமை நெருங்கியபோது அப்பா நீடாமங்கலம் பக்கத்துக்கே திரும்பி வந்தார். கல்லறைத் திருநாளில் மரித்தோரின் பெயர்களை வாசிக்கும் பணியைப் பங்குத் தந்தை அவரிடம் கொடுத்தார். எங்கள் கல்லறைத் தோட்டம் வயலை ஒட்டியது என்பதை அறிவீர்கள். சம்பா நட்டு, வாய்க்காலில் தண்ணீர் நிறைந்து, தவளைகள் ஓயாமல் கத்தும் பருவம் அது. கொட்டாங்கச்சிக்குள் மெழுகுவர்த்தியை அணையாமல் வைத்துக்கொண்டு நாம் நிற்போம். அப்பா ஒவ்வொரு பெயரையும் வாசித்தபின், ஒருவர் மூச்சு வாங்கும் அளவுக்கு நிறுத்துவார். அந்த இடைவெளியில் தவளைகளும் ஓய்ந்துவிடுவதாகப் பலர் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கும் அப்படித் தோன்றியதுண்டு. ஏன் நிறுத்துகிறீர்கள் என்று கேட்டால், "பேரச் சொல்லிக் கூப்புட்டா பதில் சொல்ல நேரம் குடுக்கணும்ல" என்பார்.

இனி நான் சொல்லவேண்டியது ஸ்டெல்லா அத்தையைப் பற்றியது. அவர் எங்களுக்கு இரத்த உறவு அல்லர். அடுத்த தெருவில் வாழ்பவர், கணவரை இழந்தவர். அவருடைய ஒரே மகன் அருள், கோயில் பாடகர் குழுவில் அப்பாவுக்கு அடுத்த ஒலிவாங்கியில் பாடியவன். வளைகுடாவில் கப்பல் வேலைக்குப் போயிருந்தான். சில ஆண்டுகளுக்கு முன், தாளடி அறுவடை முடிந்த சமயத்தில், அத்தைக்குத் தஞ்சாவூரில் இருதய அறுவைச் சிகிச்சை நடந்தது. அதே வாரத்தில் அருள் கடலில் விழுந்து மாண்டான் என்ற செய்தி அத்தையின் தம்பி தாஸ் மாமாவுக்கு வந்தது. உடல் கிடைக்கவில்லை. அதிர்ச்சி தரும் எதையும் இப்போது சொல்லக் கூடாது என்று மருத்துவர்கள் எச்சரித்திருந்தார்கள். அத்தையோ கண் விழித்தது முதல், "அருள் ஏன் பேசல?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். தாஸ் மாமா அப்பாவிடம் வந்து நின்றார்.

"ஒரே ஒரு தடவைண்ணே. கப்பல்ல டவர் இல்லம்மா, நல்லாருக்கேன்னு சொல்லிட்டு வச்சிருங்க."

அப்பா நெடுநேரம் மறுத்தார். பிறகு பேசினார். சுவரைப் பார்த்து உட்கார்ந்து, தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு, கைப்பேசியை வாயருகே பிடித்தார். முதலில் மூச்சுதான் மாறியது. அடுத்து எங்கள் கூடத்தில் அருள் பேசினான். அடுப்படியிலிருந்து அம்மா சிலுவைக் குறி போட்டுக்கொண்டதை நான் பார்த்தேன்.

அன்றைய பேச்சு மாமா சொன்ன இரண்டு வரியோடு முடியவில்லை, ஒரு தடவையோடும் நிற்கவில்லை. அத்தை வீடு திரும்பியபின், ஞாயிற்றுக்கிழமை மாலை ஜெபமாலை முடிந்ததும் மகன் அழைப்பான் என்று காத்திருக்கத் தொடங்கினார். அவரிடம் இருந்தது முகம் பார்த்துப் பேச முடியாத பொத்தான் கைப்பேசி. புதிய எண் கப்பல்காரர்கள் கொடுத்தது என்று மாமா சொல்லிவைத்தார். வாரங்கள் மாதங்களாயின.

சமூகப் பணி படித்தவள் என்ற முறையில் இதன் விளைவுகள் என்னை உறுத்தின. ஒரு தாய் தன் மகனுக்காக அழும் உரிமையை நாம் பறித்து வைத்திருக்கிறோம் என்று அப்பாவிடம் வாதிட்டேன். உண்மை வேறொருவர் வாய்வழி வந்தால் இரட்டை அடியாக விழும் என்றும் சொன்னேன். அப்பா பொறுமையாகக் கேட்டார்.

"நீ சொல்றது சரிதாம்மா. ஆனா நான் நிறுத்துனா அவன் ரெண்டாந்தடவை சாவான். அதை யாரு செய்யறது? நீ செய்யிறியா?"



இவ்வளவுக்கும் நடுவே, நான் இன்றுவரை விளக்கிக்கொள்ள முடியாத ஒன்று நடந்தது. ஒரு ஞாயிறு பேச்சு முடியும் தறுவாயில் அப்பா, அருளின் குரலில், "கறுப்பி கன்னு போட்டுச்சாம்மா?" என்று கேட்டார். மறுமுனையில் அத்தை, "போட்டுருச்சுப்பா, கெடேரி" என்றது எனக்கே கேட்டது. அப்பா கைப்பேசியை வைத்தார். தலையிலிருந்து துண்டை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"கறுப்பின்னா யாரும்மா?" என்று கேட்டார்.

அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய வாரம் அத்தை ஒரு சினைமாடு வாங்கியிருந்தார் என்பதே எங்களுக்குப் பின்னால்தான் தெரியும். தாஸ் மாமா பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருப்பார் என்று எண்ணி அவரிடம் கேட்டேன். மாடு வாங்கியது தெரியும், அதற்குப் பெயர் உண்டென்பதே தெரியாது என்றார். அதன்பின் அப்பா ஒவ்வொரு ஞாயிறும் கைப்பேசியைக் கையில் எடுக்குமுன் சற்றுத் தயங்குவார். சில காலைகளில் நான் காபி கொடுக்கும்போது அவர் மூச்சு வாங்கும் இடம் அவருடையதாக இருக்காது.

நவம்பர் வந்தது. கல்லறைத் திருநாளில் அருளின் பெயரை வாசிப்பதா வேண்டாமா என்ற கேள்வியும் வந்தது. கூட்டத்தில் கணவரின் கல்லறையருகே அத்தை நிற்பார். வாசித்தால் அந்த இடத்திலேயே அவர் உண்மையை அறிவார். வாசிக்காவிட்டால் அருளுக்கு ஒரு பிரார்த்தனையும் இல்லை.

"இந்த வருஷம் வேணாம்ணே. அக்கா ஒடம்பு தாங்காது" என்றார் மாமா.

"தண்ணியில கெடக்குறவன் தாசு. ஒரு தடவையாச்சும் பேரச் சொல்லிக் கரைக்குக் கூப்புட வேணாமா?"

"எங்கக்கா முன்னாடியா?"

கல்லறைத் தோட்டத்துக்குப் புறப்படும்போதும் அப்பா முடிவு செய்திருக்கவில்லை. தூறல் விழுந்துகொண்டிருந்தது. ஒழுகிய தார்ப்பாய்க்குக் கீழே மேசையில் ஒலிவாங்கியைச் சரிசெய்துகொண்டிருந்த அப்பாவுக்கு நான் குடை பிடித்து நின்றேன். அத்தை, மாமாவின் தோளைப் பற்றியபடி நேராக எங்களிடம் வந்தார்.

"அண்ணே, எங்க வீட்டுக்காரரு பேருக்குப் பின்னாடி அருள் பேரையும் சேத்து வாசிச்சிருங்க."

மாமாவின் கையிலிருந்த குடை சாய்ந்து அத்தையின் தோள் நனைந்தது. "யாருக்கா சொன்னா? எப்பேர்ந்து தெரியும்?" என்றார்.

"யாரும் சொல்லல. மொதப் போன்லயே தெரியும்டா." அத்தை அப்பாவின் பக்கம் திரும்பினார். "என் மவன் என்னைக்குண்ணே எங்கிட்ட அவ்ளோ நேரம் பேசியிருக்கான்? ம்ம்பான், சரிம்பான், வச்சிருவான். நீங்க மாத்திரை போட்டியா, காலு வீக்கம் வத்துச்சான்னு கேக்குறீங்க. பெத்த புள்ளைங்க அதெல்லாம் கேக்குமா?"

"தெரிஞ்சும் ஏம்மா எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?" என்றார் அப்பா.

"கேட்டா நிறுத்திருவீங்களே."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். போகத் திரும்பிய அத்தை மறுபடி நின்றார்.

"எல்லாம் நீங்க பேசுனதுதாண்ணே. கறுப்பியக் கேட்டீங்கள்ல, அது ஒன்னு மட்டும் நீங்க இல்ல. அவன் கடைசியா பேசுனப்ப வச்ச பேரு அது. நான் வாய் தொறந்து யார்கிட்டயும் சொன்னதில்ல."

"நாந்தாம்மா கேட்டேன்" என்றார் அப்பா.

"வாய் ஒங்களுது" என்றார் அத்தை.

அன்று அப்பா அருளின் பெயரைத் தம் சொந்தக் குரலில் வாசித்தார். வாசித்துவிட்டு நிறுத்தினார். தவளைகள் ஓய்ந்தனவா என்று நான் கவனிக்கவில்லை. அத்தையின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அழுதார், ஊரார் சூழ்ந்து நிற்க அழுதார். அந்த அழுகையைத் தடுத்து வைத்திருந்தது தவறு என்ற என் எண்ணம் இன்றும் மாறவில்லை. அதே நேரம், அந்த மாதங்கள் இல்லாமல் அவர் அங்கே நடந்து வந்திருக்க முடியுமா என்று பின்பு அப்பா கேட்டதையும் என்னால் தள்ளிவிட முடியவில்லை.

அடுத்த ஞாயிறு மாலை அப்பா அழைக்கவில்லை. அழைப்பு அத்தையிடமிருந்து வந்தது. "ஏன் இன்னும் போன் வரல?" என்றுதான் தொடங்கினார். அதன் பிறகு அப்பா அருளின் குரலில் பேசவில்லை. தம் குரலில் கேட்டுக்கொண்டிருந்தார். அத்தை யாரிடம் பேசினாரோ அது அவருக்கே தெரியும்.

நுரையீரல் நோயால் அப்பாவின் குரல் கடைசி மாதங்களில் முற்றிலும் அடங்கிவிட்டது. ஐந்தரைக் கட்டையில் பாடிய தொண்டையில் காற்று மட்டும் மிஞ்சியது. அப்போதும் ஞாயிறு மாலை கைப்பேசியைக் காதில் வைக்கச் சொல்லிச் சைகை காட்டுவார். அத்தை மறுமுனையில் நாற்று, மழை, கன்றுக்குட்டி என்று பேசிக்கொண்டே போவார். இங்கிருந்து மூச்சு மட்டும் போகும். கிறிஸ்துமசுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் ஒரு விடியலில், அம்மாவின் கையைப் பற்றியபடி, அந்த மூச்சும் அமைதியாக நின்றது.

அடக்கம் முடிந்த ஞாயிறு மாலை அந்தக் கைப்பேசி ஒலித்தது. நான் எடுத்தேன். "நீ ஒன்னும் பேச வேணாம் பாப்பா, வச்சிராம இரு, போதும்" என்றார் அத்தை. சற்றுப் பொறுத்து, என்னிடம் பேசும் குரலாக இல்லாத வேறொரு குரலில், "கன்னு வளந்து இப்ப அதுவும் சினையாருக்கு" என்றார். யாருக்குச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

அப்பாவின் இறுதி நாட்களில் வீடு தேடி வந்து கவனித்த மருத்துவருக்கும் செவிலியர்களுக்கும், நற்கருணை கொண்டுவந்த பங்குத் தந்தைக்கும், சென்னையிலிருந்து வந்து கல்லறை வரை பாடிச் சென்ற பின்னணிக் குரல் நண்பர்களுக்கும், மழையில் குழி வெட்டித் தந்த தெருவினருக்கும், எல்லாவற்றுக்கும் ஓடியாடிய தாஸ் மாமாவுக்கும் எங்கள் நன்றி உரியது. தம் துயரத்தை இம்மலரில் எழுத இசைந்த ஸ்டெல்லா அத்தைக்கு நாங்கள் பட்ட கடன் பெரிது. அப்பாவுக்குக் குரல் போன ஆண்டில் வேறொருவர் பெயர்களை வாசித்தபோது, "பஸ் ஸ்டாண்டுல ஊர் பேரு சொல்ற மாதிரி இருந்துச்சு" என்று மனம் நொந்தவர் அவர். அதனால் சென்ற மாதக் கல்லறைத் திருநாளில், தாமே வாசிப்பதாகப் பங்குத் தந்தையிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். அன்றும் தூறல் இருந்தது. நான் குடை பிடித்து அவரருகே நின்றேன்.

அப்பாவின் பெயரை வாசித்து அத்தை நிறுத்தினார். அப்பா விடும் இடைவெளியைவிட அது நீண்டது. வயலில் ஒரு சத்தமும் இல்லை. பிறகு அத்தை, ஒலிவாங்கிக்கு எட்டாத மெல்லிய குரலில், "சரிங்கண்ணே" என்று சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போனார்.