பெயர் எழுதாத நோட்டு

தன்னை நம்பித் தவறைச் சொன்னவரின் பெயரை மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்த ஒருவரை நல்ல மேலாளர் என்று சொல்லலாமா? ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவை ஒன்பது ஆண்டுகள் நடத்திய அந்தப் பெண்ணை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வியைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது. எளிதில் பாராட்டிவிடக்கூடிய மனிதர் அல்லர் அவர். அதிகம் சிரிக்க மாட்டார். யாருடைய பிறந்தநாளும் அவர் நினைவில் நின்றதில்லை.

சலவைப் பிரிவு கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. இருபது பேர், ஓயாத நீராவி, வெளியே நடப்பவர்களின் கால்கள் மட்டும் தெரியும் ஒரு சன்னல். மேலாளர் நாற்காலி தனக்குத்தான் என்று நம்பியிருந்தவர், பெரிய துவைப்பு இயந்திரத்தைப் பதினாறு ஆண்டுகளாக ஓட்டிவந்தவர். வேலையில் அவருக்கிருந்த வேகத்தைப் பார்த்து எல்லாரும் அவரை எக்ஸ்பிரஸ் என்றார்கள். வெளியிலிருந்து வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்த பெண்ணை அவர் ‘மேடம்’ என்று அழைத்தார். அந்த ஒரு சொல்லிலேயே கதவைச் சாத்திவிடுவார்.

மேலாளர் சமாதானம் பேசப் போகவில்லை. தினமும் முதல் அரை மணி நேரம் யாராவது ஒரு தொழிலாளியின் இடத்துக்குப் போய், அவர் சொல்கிற வேலையைச் செய்வது என்று ஒரு வழக்கத்தைத் தொடங்கினார். எக்ஸ்பிரஸின் முறை வந்தது.

“ஈரப் போர்வையெல்லாம் உள்ள இருக்கு. வெளிய இழுங்க மேடம்.”

“எந்த முனையப் பிடிக்கணும்ண்ணே?”

“எது கையில வருதோ அது.”

உள்ளே எல்லாம் கயிறு போல முறுக்கிக் கிடந்தது. மேலாளர் பலம்கொண்ட மட்டும் இழுத்தார்; போர்வைகளோடு தரையில் போய் உட்கார்ந்தார். எக்ஸ்பிரஸ் வாய்விட்டுச் சிரித்தார். ஆனால் தூக்கிவிடக் கையையும் நீட்டினார். அவர் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே கேட்டார்: “ஒரு நாளைக்கு எத்தனை தடவை இழுப்பீங்க?”

“நாப்பது இருக்கும்.”

“தோள் வலிக்காதா?”

“அதெல்லாம் வீட்டுக்குப் போய் வலிக்கும்.”

ஒரு மாதத்துக்குள் இயந்திரத்தின் வாயருகே ஒரு சரிவுப் பலகையும், அதன் கீழே சக்கரம் வைத்த தொட்டியும் வந்தன. எக்ஸ்பிரஸ் நன்றி சொல்லவில்லை. ‘மேடம்’ மட்டும் ‘ஏம்மா’ ஆனது.

மேலாளர் இன்னொன்றும் செய்தார். கதவோரம் ஒரு நோட்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார். தவறு நடந்தால் என்ன நடந்தது, எத்தனை மணிக்கு என்று அதில் எழுத வேண்டும். யார் என்று எழுதக் கூடாது. மூன்று மாதம் அது வெறுமனே தொங்கியது. பிறகு ஒருநாள், ‘பத்து மணி. தலையணை உறை இருபது, இஸ்திரியில் கருகியது’ என்று ஒரு வரி. அவர் கருக்கியவரைத் தேடவில்லை. சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகைச் சரிபார்க்கச் சொன்னார். அதன் பிறகு நோட்டு நிரம்பத் தொடங்கியது.

நான்காம் ஆண்டில் ஒரு முற்பகல், எக்ஸ்பிரஸ் மேலாளர் முன்னால் வந்து நின்றார்.

“ஏம்மா, தப்பு பண்ணிட்டேன். ஆபரேஷன் தியேட்டர் துணியோட துண்டையும் சேத்துப் போட்டுட்டேன். வண்டி மேல போயிடுச்சு.”

துண்டின் நூல்தூசி தியேட்டர் துணியில் ஒட்டும். அதிலிருந்து திறந்த காயத்தில் உதிரும். மேலாளர் லிஃப்டுக்குக் காத்திராமல் படியேறி ஓடி, வண்டியை நிறுத்தினார். இரண்டு அறுவைச் சிகிச்சைகள் பிற்பகலுக்குத் தள்ளிப்போயின. நோயாளிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் தவறு செய்தவரின் பெயரோடு சாயங்காலத்துக்குள் அறிக்கை வேண்டும் என்றது நிர்வாகம்.

இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் மெக்கானிக் உதவிக்கு வந்தார். “நூல்தூசி பிடிக்கிற ஃபில்டர் அடைச்சுக்கிச்சுன்னு எழுதிடுங்கக்கா. ஃபில்டருக்கு என்ன வாயா இருக்கு, இல்லன்னு சொல்ல?”

“புது ஃபில்டர் வரும். துண்டும் மறுபடி உள்ள போகும்” என்றார் மேலாளர். நேராக எக்ஸ்பிரஸிடம் போனார்.

“அண்ணே, உங்க பேரை எழுதப் போறேன்.”

“பேர் கிடையாதுன்னு சொன்னீங்களே?”

“நோட்டுல கிடையாது. இது நோட்டு இல்ல.”

“உங்ககிட்ட வந்து சொன்னேன் பாருங்க, என்னைச் சொல்லணும்.”

தானாக முன்வந்து சொன்னவர் என்பதையும் மேலாளர் அறிக்கையில் எழுதினார். இருந்தும் எக்ஸ்பிரஸுக்கு மூன்று நாள் இடைநீக்கம் வந்தது.

அந்த மூன்று நாளும் நோட்டில் ஒரு வரிகூட விழவில்லை. இருபது பேர் ஒரு தவறும் செய்யாமல் மூன்று நாள் இருக்க முடியாது என்பது மேலாளருக்குத் தெரியும். யாரும் வாய் திறக்காவிட்டால் அடுத்த முறை துணி மேலே போயே தீரும். நிறுத்த ஆள் இருக்காது. நான்கு ஆண்டுகளாகச் சேர்த்தது கைநழுவிக்கொண்டிருந்தது. நிர்வாகம் அனுப்பிய மாற்று ஆளை மடிக்கும் மேசைக்கு அனுப்பிவிட்டு, இயந்திரத்தைத் தானே ஓட்டினார்.

நான்காம் நாள் எக்ஸ்பிரஸ் திரும்பினார். “வணக்கம் மேடம்.” கதவு மறுபடி சாத்திக்கொண்டது. தொட்டியில் கிடந்த துண்டு ஒன்றை எடுத்துத் தேய்த்தார், முகர்ந்தார்.

“யார் துவைச்சது இது? வழவழன்னு இருக்கு. சோப்ப அள்ளிக் கொட்டி, அலசாம எடுத்திருக்கு. நோயாளிக்கு உடம்பெல்லாம் அரிக்கும்!”

இஸ்திரிப் பக்கம் சத்தம் நின்றது.

“நான்தான்ண்ணே” என்றார் மேலாளர்.

“எத்தனை கரண்டி?”

“ஆறு.”

“ஆறா! ஏம்மா, துணி துவைச்சீங்களா, இல்ல மிஷினுக்கு ஷேவிங் பண்ணீங்களா?”

மடிக்கும் மேசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். பிறகு அறையே சிரித்தது. எக்ஸ்பிரஸ் மட்டும் சிரிக்காமல், அத்தனை துண்டுகளையும் மறுபடி உள்ளே திணித்தார்.

மேலாளர் கதவோரம் போய் நோட்டை எடுத்தார். ‘எட்டேகால். துண்டுகளில் சோப்பு அதிகம், அலசல் போதவில்லை’ என்று எழுதினார். பேனாவை மூடப் போனவர், மறுபடி திறந்தார். அந்த நோட்டில் அதுவரை யாரும் எழுதாத ஒன்றை, எழுதக் கூடாது என்று அவரே சொல்லியிருந்ததை, அந்த வரியின் கீழ் எழுதினார்: தன் பெயரை.