சந்தானம் வீட்டு மாடி ஜன்னல்

கீழக்குயில்குடி அன்னக்கொடியை நல்ல காரியத்துக்கு யாரும் கூப்பிட்டதில்லை. ஒரு வீட்டிலோ லாட்ஜிலோ ஆள் செத்துக் கிடந்து, போலீஸ் வந்து உடலைத் தூக்கிக்கொண்டு போனபிறகு, மிச்சத்தைக் கழுவத்தான் அவளைத் தேடுவார்கள். முன்பு லாட்ஜ் ஒன்றில் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தவள். அப்படியோர் அறையைத் தொட எல்லோரும் பின்வாங்கிய அன்றைக்கு, "மனுசன் உடம்புல ஓடுன ரத்தந்தான, கடிச்சா வச்சிரும்?" என்று புருஷனின் பழைய சட்டையைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். அதுவே பிழைப்பாகிப் போனது. பசுமலை பங்களாவானாலும் சந்துக்குள் ஓட்டு வீடானாலும் அவளுக்கு ஒரே முறைதான். முதலில் ஜன்னலைத் திறப்பாள். மரத்தூளைக் கொட்டி ஊறவிட்டு, சுரண்டிச் சாக்கில் அள்ளுவாள். ப்ளீச்சிங் பவுடர் கரைசல் கடைசியில்தான்.

தொண்ணூற்றெட்டில் மஹால் பக்கத்துச் சந்து ஒன்றிலிருந்து ஆள் வந்தது. நூலுக்குச் சாயம் போடும் சௌராஷ்டிரக் குடும்பம். எல்லோரும் பரமக்குடிக் கல்யாணத்துக்குப் போயிருந்த நேரத்தில் வீட்டுப் பெரியவர் சந்தானம் மாடியறையில் வழுக்கி விழுந்து மண்டை உடைந்து, அவர்கள் திரும்பி வரும்வரை அப்படியே கிடந்திருக்கிறார். தகனம் முடிந்தும் அறையைப் பூட்டியே வைத்திருந்தார்கள். மறுநாள் பத்தாம் நாள் காரியம். சொந்தபந்தமெல்லாம் வந்துவிடும்.

அன்னக்கொடி நேரே ஜன்னலிடம் போனாள். வாசற்படியிலேயே நின்ற சந்தானத்தின் மனைவி சூடாமணி பதறினார்.

"அத மட்டும் தொறக்காத தாயி. எதுத்த வீட்டுல கண்ணக் கொட்டாமப் பாத்துக்கிட்டிருக்காக."

"பாத்தாப் பாக்கட்டும்மா. காத்தில்லாம நான் வேலை செய்யமாட்டேன்."

"எங்க வீட்டுக்காரவுகளத் தனியாப் போட்டுட்டுக் கல்யாணச் சாப்பாட்டுக்குப் போனோமாம். இம்புட்டு நாளும் அதான் பேச்சு. இந்த நாத்தமும் வெளிய போச்சுன்னா நான் எப்பிடித் தெருவுல நடப்பேன்?"

அழுகையை விழுங்கிக்கொண்டு கேட்டவரிடம் அன்னக்கொடியால் மல்லுக்கு நிற்க முடியவில்லை. ஜன்னலை விட்டுவிட்டாள். அதுதான் அவள் செய்த தப்பு.

மூக்கை இறுகக் கட்டிக்கொண்டு சுரண்டி முடித்தாள். தரை முழுக்கப் பவுடர் கரைசலை ஊற்றினாள். சூடாமணியின் மகன் கோகுல்நாத் துண்டால் வாயைப் பொத்தியபடி எட்டிப் பார்த்தான்.

"இது போதுமாக்கா? கறை போயிருமா?"

"ஊறுனாப் போகும். யாரும் உள்ள போகாதீக தம்பி, சாக்க வண்டியில ஏத்திட்டு வாரேன்."

வாசலில் மூன்றுசக்கர வண்டி நின்றது. சாக்கைத் தூக்கி வைத்துக் கயிற்றை இழுத்துக் கட்டும்போது மேலே இருமல் கேட்டது. துர்நாற்றத்துக்கு வருகிற இருமல் இல்லை அது. மூச்சை உள்ளே இழுக்க வழியில்லாதவன் இருமுவது. அன்னக்கொடி படிகளில் ஓடினாள்.

கதவு சாத்தியிருந்தது. தள்ளியதும் கண் எரிந்தது. தரையெல்லாம் பொங்கி நுரைத்துக்கொண்டிருந்தது. நுரைக்கு நடுவில், வீட்டுப் பின்கட்டுச் சாயப் பட்டறையிலிருந்து கொண்டுவந்த ஆசிட் கேன் கவிழ்ந்து கிடந்தது. பவுடரோடு ஆசிட் சேர்ந்து விஷப்புகை கிளம்பியிருந்தது. கோகுல்நாத் வாசல் இருந்த திசை தெரியாமல் எதிர்ச்சுவரைத் தடவிக்கொண்டே ஜன்னலுக்கடியில் முட்டிபோட்டுச் சரிந்தான்.

கையைப் பிடித்து இழுத்தாள். வளர்ந்த ஆள், அசையவில்லை. அவளுக்கும் நெஞ்சு அடைத்துக்கொண்டது. ஜன்னல் கொக்கி பெயிண்ட் அடித்து இறுகிப் போயிருந்தது. சுரண்டுகிற தகட்டால் ஓங்கி அடித்தாள். மறுபடியும் அடித்தாள். கொக்கி தெறித்துக் கதவு இரண்டும் தெருப்பக்கம் விரிந்தன. அவன் தலைமுடியைப் பிடித்துத் தூக்கி முகத்தைக் கம்பிகளுக்கு இடையில் வைத்து அழுத்தினாள்.

"இழு தம்பி! மூச்ச இழு!"

எதிர் வீட்டம்மாள் தன் வாசலில் நின்றபடி மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டாள்: "ஏண்டி சூடாமணி, என்னா நாத்தம் இது?"

மேலே ஓடிவந்த சூடாமணி, மகனின் நீலம் பாரித்த உதட்டைப் பார்த்தார். அத்தனை நாள் அடக்கி வைத்த குரல் சந்தே அதிரக் கிளம்பியது.

"எம் புருசன் நாதியத்துக் கெடந்த நாத்தம்! மோந்து பாத்தாச்சுல்ல? இப்ப எம் புள்ளைக்கு ஒரு ஆட்டோவக் கூப்புடு!"

எதிர் வீட்டம்மாள்தான் செருப்புக்கூடப் போடாமல் ஓடிப்போய் ஆட்டோ பிடித்து வந்தாள். ஏற்றும்போது கோகுல்நாத் திணறித் திணறிச் சொன்னான்: "நூலுக்கு... பவுடர் போட்டு, அப்பறம் ஆசிட்டுத்தானக்கா... நல்லா வெளுக்குமேன்னு..."

"பட்டறையில ரெண்டுக்கும் ஊடால தண்ணியில அலசுவீகள்ல? தெறந்த வெளியிலதான செய்வீக?" என்று இருமிக்கொண்டே கத்தினாள் அன்னக்கொடி. "நூலு என்ன மூச்சா விடுது? பேசாம ஏறு!"

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்துப் படுக்கப் போட்டார்கள். உயிருக்குப் பயமில்லை என்று தெரிந்தபிறகுதான் அன்னக்கொடி வீட்டுக்குக் கிளம்பினாள். மறுநாள் விடிந்ததும் போய் அறையை வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த சூடாமணி, சொந்தக்காரர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டார்: "மாடியில நாத்தம் இன்னும் இருக்கு. ஜன்னல யாரும் சாத்த வேணாம்."