எந்தத் தாய் ஓடுவாள்?

இலங்கையில் சமாதானப் பேச்சு நடந்த காலம். எங்கள் போரை வைத்து நாவல் எழுதிய அமெரிக்க எழுத்தாளர் ஒருவர் கனடாவில் மொன்றியல் நகரப் புத்தகக் கடையொன்றுக்கு வந்திருந்தார். முதல் இரண்டு நாவல்களுக்காக அவரைக் கொண்டாடிய விமர்சகர்களே இதைக் கிழித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். எனக்கும் அதே ஆத்திரம். எழுந்து கேட்டேன்.

"ஷெல்லடிக்குள் பிள்ளையை விட்டுவிட்டு எந்தத் தமிழ்த் தாய் ஓடுவாள்? இப்படிப் பொய் எழுத வெட்கமாக இல்லையா?"

கூட்டம் கைதட்டியது. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

என்னோடு வந்திருந்த ரெஜினா அக்கா, ஞாயிறு பூசையில் எப்போதும் என் பக்கத்தில் இருப்பவர், என் கையைப் பிடித்து இழுத்தார்.

"இரும் தங்கச்சி. என்ரை மூத்தவன் கத்தக் கத்த, நான் விட்டிட்டு ஓடினனான்."

கைதட்டல் இன்னும் ஓயவில்லை.

அந்த நாவல் இன்றைக்கும் எனக்குப் பிடிக்காது. ஆனால் யாராவது அதைப் பொய் என்று திட்டத் தொடங்கினால், நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.